கடனா, வாடகையா, கூப்பனா: கடைவீதிக்கு எதை முதலில் கேட்பது?

2020-ல் ஊரடங்கு தளர்ந்து, கடையைத் திறக்கலாம் என்று சொன்னதும் சித்தப்பாவுடன் நானும் போனேன். புரசைவாக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் மேட்சிங் சென்டர் அது. பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ், ஹூக், நூல்கண்டு, இவ்வளவுதான் சரக்கு. பூட்டில் தேங்காயெண்ணெய் விட்டு, ஷட்டரை இரண்டு பேராகச் சேர்ந்து தூக்கினோம். உள்ளேயிருந்து புழுங்கல் வாடை அடித்தது. சுவரோரம் அடித்தட்டில் இருந்த காட்டன் லைனிங் முழுக்கப் பூசணம். பச்சையும் நீலமுமாக அடுக்கியிருந்த பிட்டுகளில் ஒரு வரிசையை எலி குதறியிருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. போனது ஒரு பக்கம், தேறுவது ஒரு பக்கம் என்று தரையில் உட்கார்ந்து பிரித்துப் போட ஆரம்பித்தார். அன்றைக்குப் போணி ஆகும்போது மணி பன்னிரண்டரை. ஒரு அம்மா இரண்டு ஃபால்ஸ் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தடுத்த வாரங்களில்தான் நிலைமை புரிந்தது. எங்கள் கடை திறந்திருந்தது, தெரு திறக்கவில்லை. எதிரில் இருந்த புடவைக்கடை மூடியே கிடந்தது. மேல்மாடி டெய்லர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. எதிர்க்கடையில் புடவை எடுப்பவர்கள் கையோடு எங்களிடம் வந்து மேட்சிங் பார்ப்பார்கள். அப்படியே மாடியேறி டெய்லரிடம் அளவு கொடுப்பார்கள். இறங்கி வந்து டீக்கடையில் ஒரு டீ, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பூக்கார அக்காவிடம் இரண்டு முழம் பூ. இந்த வரிசையில் முதல் ஆளும் மூன்றாவது ஆளும் இல்லாமல் போனதும், நடுவில் இருந்தவர் ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெரு வணிகர் சங்கத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. 2015-ல் வெள்ளம், 2020-லும் 2021-லும் கொரோனா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இன்னொன்று வராது என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு அரசிடம் ஒரு மனு கொடுக்க வேண்டிவந்தால் முதல் கோரிக்கையாக எதை எழுதுவது? கடன் வேண்டும் என்றா, வாடகைக்கு வழி செய்யுங்கள் என்றா, வாங்க வருபவர் கையில் காசு கொடுங்கள் என்றா, தெருவை மூடாதீர்கள் என்றா? எல்லாவற்றையும் எழுதலாம்தான். ஆனால் பத்துக் கோரிக்கை உள்ள மனுவில் அதிகாரி எதை எடுத்துக்கொள்வார் என்று நமக்குத் தெரியும்: அவருக்கு எது சுலபமோ அதை. அதனால் வரிசை முக்கியம். நான்கையும் எங்கள் சந்தில் வைத்து எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன்.

கடன்: கொடுப்பவருக்குச் சுலபம்

அரசு முதலில் கையில் எடுத்தது கடனைத்தான். 2020 மே மாதம் மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. முதலில் 3 லட்சம் கோடி ரூபாய், பிறகு படிப்படியாக 5 லட்சம் கோடி வரை உயர்த்தினார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று ஒரு தொழிலுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். புதிதாக அடமானம் வேண்டாம், அரசே முழு உத்தரவாதம். வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் ஒரு வருடம் அசல் கட்ட வேண்டாம், மொத்தம் நான்கு வருடத்தில் முடிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கில் 4 லட்சம் பாக்கி இருந்தது. 20 சதவீதம் என்றால் 80,000 ரூபாய். கடை வாடகை மாதம் 28,000. அதாவது அந்தக் கடன் மூன்று மாத வாடகைக்குக்கூடக் காணாது. நடந்ததும் அதுதான். வங்கியிலிருந்து கிளம்பிய 80,000 எங்கள் கணக்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, பாக்கி வாடகையாக ஓனர் கையில் போய்ச் சேர்ந்தது. ஒரு மீட்டர் துணிகூட அதில் வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து மாதம் 2,550 ரூபாய் போல 36 மாதம் கட்டி முடித்தார். விற்காத மாதங்களின் வாடகையை, விற்ற மாதங்களில் வட்டியோடு கட்டினோம். அவ்வளவுதான் அந்த உதவி.

அதுவும் வங்கியில் ஏற்கெனவே கடன் வைத்திருந்ததால் கிடைத்தது. டீக்கடைக்காரருக்கு வங்கிக் கடனே கிடையாது. அவருக்கு 20 சதவீதம் என்றால் பூஜ்யத்தில் 20 சதவீதம். டெய்லருக்கும் அப்படியே. இவர்களுக்கு எப்போதும் தண்டல்தான். 10,000 கேட்டால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் வரும், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மார்ச் கடைசியில் கடை மூடியபோது டீக்கடைக்காரருக்கு இன்னும் அறுபது நாள் தவணை பாக்கி இருந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளை ஒத்திவைக்க அனுமதி கொடுத்ததே, அது தண்டல்காரருக்குப் பொருந்தாது. வங்கிக் கடனுக்கும்கூட ஒத்திவைப்பு மட்டும்தான். அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வங்கி வழியாகப் போகும் உதவி, வங்கிக்கு ஏற்கெனவே தெரிந்தவரைத்தான் முதலில் தொடும். அமெரிக்காவில் சிறு தொழில்களுக்கு ஊழியர் சம்பளம் கொடுக்க என்று 2020 மார்ச்சில் 34,900 கோடி டாலர் ஒதுக்கினார்கள். விதிப்படி செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்ற கடன். ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய பதின்மூன்றே நாளில் பணம் தீர்ந்துவிட்டது. வங்கியில் கணக்கு மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் உள்ளவர்கள் முதல் சுற்றிலேயே வாங்கிவிட்டார்கள். மூலைக் கடைக்காரர்கள் இரண்டாம் சுற்று வரும்வரை காத்திருந்தார்கள்.

ஆனால் கடனை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். எங்கள் படிக்கட்டுப் பூக்கார அக்காவுக்கு அது நல்லது செய்தது. 2020 ஜூன் 1 அன்று தெருவோர வியாபாரிகளுக்காக பிஎம் ஸ்வநிதி திட்டம் வந்தது. அப்போது முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது, ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பிறகு 20,000, அதன்பின் 50,000. வட்டியில் 7 சதவீதம் அரசு திருப்பித் தரும். அக்காவுக்கு மாநகராட்சிப் பரிந்துரைக் கடிதம் வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது, நான்தான் கூடவே அலைந்தேன். கிடைத்ததும் முதல் வேலையாகத் தண்டலை முடித்தார். மிச்சத்தில் பூ எடுத்தார். கோயம்பேடு பூச்சந்தை அப்போது வானகரத்துக்கு மாறியிருந்தது. விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் போய் எடுத்து வருவார். காலையில் போட்ட முதல் சாயங்காலம் கையில். கடன் அடைந்துவிட்டது.

ஒரே தெரு, ஒரே நோய், இரண்டு கடன். ஒன்று பிழைக்க வைத்தது, இன்னொன்று பாரமானது. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், அக்காவின் கடன் சரக்காக மாறியது, சித்தப்பாவின் கடன் வாடகையாக மாறியது. சரக்கு விற்றுப் பணமாகும். போன மாத வாடகையை யாரிடம் விற்பது? அதனால் கடன் வேண்டுமென்றால் தெரு நடமாடத் தொடங்கிய பிறகு, சரக்கு போடுவதற்கு என்று கேட்க வேண்டும். ஷட்டர் இறங்கியிருக்கும்போது கடன் வாங்கினால் அது வேறு ஒருவர் கைக்குப் போகத்தான் செய்யும்.

வாடகை: யாரும் பேச விரும்பாதது

கடைவீதியில் எல்லாரையும் அரித்தது வாடகைதான். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், ஆட்களை ஊருக்கு அனுப்பினார்கள், கரண்ட் பில் குறைந்தது, சரக்கு வாங்குவதை நிறுத்தினார்கள். வாடகை மட்டும் ஒன்றாம் தேதியானால் வந்து நிற்கும். எதிர்ப் புடவைக்கடைக்காரர் கொடுத்திருந்த அட்வான்ஸ் பத்து மாத வாடகை. ஒவ்வொரு மாதமும் அதில் கழித்துக்கொண்டே வந்து, அட்வான்ஸ் தீர்ந்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கடைக்குள் சரக்கு இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள், முப்பது வருடப் பெயர் இருந்தது. அவருக்கு யாராவது நான்கு மாத வாடகையைத் தாங்கியிருந்தால் எங்கள் தெருவின் கதையே வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் அப்போது கேட்டார்கள். டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு கடை சம்பந்தமான வழக்கில் 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: எதிர்பாராத பேரிடர் வந்தால் வாடகை நிற்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதைக் கேட்கலாம், அப்படி ஒன்றும் இல்லாமல், கடையையும் கையில் வைத்துக்கொண்டு, ஊரடங்கு என்ற ஒரே காரணத்துக்காக வாடகையை நிறுத்திவைக்க முடியாது. கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் எத்தனை பேரிடம் அப்படி ஒரு வரி இருக்கிறது? முதலில் எத்தனை பேரிடம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது? தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். கடைவீதியில் பாதிப் பேர் இன்னும் அப்பா காலத்து வாய்ப்பேச்சில்தான் ஓட்டுகிறார்கள்.

சிங்கப்பூர் இதை எப்படிச் செய்தது என்பதை நம் சங்கங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அங்கே 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அத்தியாவசியமில்லாத கடைகள் மூடல். சிராங்கூன் சாலையில் புடவைக்கடைகள் எல்லாம் நம்மைப் போலவே நின்றுபோயின. ஜூன் மாதத் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்து வருமானம் முந்தைய வருடத்தைவிட 35 சதவீதமோ அதற்கு மேலோ விழுந்திருந்தால், சிறு, நடுத்தரக் கடைக்காரருக்கு மொத்தம் நான்கு மாத வாடகைச் சலுகை. அதில் இரண்டு மாதத்தை அரசு தாங்கியது, இரண்டு மாதத்தைக் கட்டட உரிமையாளர் தாங்க வேண்டும். வாடகையையே நம்பி வாழும் உரிமையாளர் என்றால், தன் பங்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அவர் விண்ணப்பிக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரி. ஓனர் என்றால் எல்லாரும் பணக்காரர் என்று நினைத்துக்கொண்டு பேசுவது சரியில்லை. எங்கள் கட்டட ஓனரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கீழே இரண்டு கடை, அந்த வாடகைதான் அவருக்கு வருமானம், மருந்துச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். ஊரடங்கில் ஒரு மாத வாடகையை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அதற்கு மேல் அவரிடம் கேட்க சித்தப்பாவுக்கு வாய் வரவில்லை. ஆகவே, ஓனர் தலையில் மொத்தத்தையும் கட்டு என்று கேட்டால் அது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. கடைக்காரர், உரிமையாளர், அரசு என்று மூன்றாகப் பிரித்தால் யாருடைய முதுகும் முறியாது.

அரசு எந்தக் கடைக்குக் கொடுப்பது என்று எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற கேள்வி வரும். பிரிட்டனில் அதற்கு நேர்வழி ஒன்று பிடித்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் உள்ளூர் மன்றத்தில் ஒரு வரிப் பதிவு இருக்கிறது. அதை வைத்தே 2020-ல் சிறு கடைகளுக்கு 10,000 பவுண்டும், கொஞ்சம் பெரிய கடை, உணவகங்களுக்கு 25,000 பவுண்டும் திருப்பித் தர வேண்டாத மானியமாக அனுப்பினார்கள். வங்கியைக் கேட்க வேண்டியதில்லை. நம் மாநகராட்சியிடமும் சொத்துவரி, தொழில்வரி, தொழில் உரிமம் என்று மூன்று பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் இருக்கும் கடையாக இருக்க வேண்டியது நம் வேலை. உரிமம் புதுப்பிக்காமல் விட்டவர்கள், வேறு ஆள் பெயரில் ஓட்டுகிறவர்கள் இப்போதே சரிசெய்துகொள்ளலாம். பேரிடர் நடுவில் அந்த ஜன்னலில் போய் நிற்க முடியாது.

வாடகை உதவியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது கடையைச் சாகாமல் வைத்திருக்கும், வியாபாரத்தைக் கொண்டுவராது. விற்பனை விழுந்ததற்குக் கணக்கு காட்ட வேண்டும். சிட்டையிலும் ஞாபகத்திலும் கணக்கு வைத்திருப்பவர் வெளியே நிற்பார். படிக்கட்டில் வியாபாரம் செய்பவருக்கு வாடகையே இல்லை, அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நான்கில் இது ஒன்றுதான் தெருவில் ஓட்டை விழாமல் காக்கிறது. ஒரு கடை போனால் பக்கத்துக் கடையும் தளர்கிறது என்பதை எங்கள் சந்தில் கண்ணால் பார்த்தபின், எனக்கு இதில் சந்தேகமில்லை.

வாங்குபவர் கையில் காசு

சரி, கடை தப்பித்துவிட்டது. அப்புறம்? ஆள் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே, ஜூன் இரண்டு மாதங்களில் அரிசி அட்டை வைத்திருக்கும் 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 4,000 ரூபாய் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்த வருடப் பொங்கலுக்கு 2,500 ரூபாய். இவை வீட்டைக் காப்பாற்றிய பணம். இரண்டாம் அலையில் வேலையில்லாமல் இருந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது அதில்தான். அதைக் கடைவீதிக் கணக்கில் வைத்துக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கல் பணம் வந்த வாரத்தில் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. பத்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சித்தப்பா இரவு ஒன்பதுக்கு மேல் கடையைப் பூட்டினார்.

அதே 2021 மே 8 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. இதை யாரும் கடைவீதிக்கான உதவி என்று சொல்லவில்லை. எங்களுக்கு அது அப்படித்தான் ஆனது. வியாசர்பாடி, ஓட்டேரி, அயனாவரம் பக்கமிருந்து வரும் பெண்கள்தான் மேட்சிங் கடைக்கு வாடிக்கை. 60 ரூபாய்க்கு லைனிங் எடுக்க 20 ரூபாய் டிக்கெட் எடுத்து யார் வருவார்கள்? டிக்கெட் இல்லையென்றதும், கலர் சரியாக வரவில்லை என்று மறுநாளே மாற்றிக்கொண்டு போக வந்தார்கள். வந்தவர்கள் பூவும் வாங்கினார்கள்.

ரொக்கம் எங்கே வேண்டுமானாலும் போகும். தெருக்கடைக்குத்தான் போக வேண்டுமென்றால் அதற்குக் கூப்பன். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் குடிமக்கள் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிடிசி என்னும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள், சுமார் 13 லட்சம் குடும்பங்களுக்கு. உணவங்காடிக் கடைகளிலும் வட்டாரச் சிறு கடைகளிலும் மட்டுமே செல்லும், சூப்பர் மார்க்கெட்டில் செல்லாது. ஃபோனில் வரும் இணைப்பைக் காட்டினால் கடைக்காரர் ஸ்கேன் செய்துகொள்வார். 2023-ல் 300 வெள்ளியாக உயர்த்தியபோது பாதியைச் சூப்பர் மார்க்கெட்டுக்கு என்று திறந்துவிட்டார்கள். விலைவாசி ஏறிய நேரம், குடும்பங்களுக்கு அது உதவிதான். சிறு கடைக்கு என்று பார்த்தால் முதல் வடிவம்தான் கூர்மையாக இருந்தது.

நேரம் தவறினால் இதுவே ஆபத்து. பிரிட்டனில் 2020 ஆகஸ்டில் திங்கள் முதல் புதன் வரை உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் தலைக்கு 10 பவுண்டு வரை பாதி பில்லை அரசு கட்டியது. அரசுக்கு ஆன செலவு 84.9 கோடி பவுண்டு. கூட்டம் வந்தது. வார்விக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, அந்தக் காலத்தில் புதிதாகக் கண்டறிந்த தொற்றுக் கொத்துகளில் 8 முதல் 17 சதவீதத்துக்கு இந்தத் திட்டம் காரணமாக இருக்கலாம் என்று கணக்கிட்டது. திட்டம் முடிந்ததும் கூட்டமும் போய்விட்டது. நவம்பர் 5 அன்று இங்கிலாந்தில் மறுபடியும் ஊரடங்கு. ஆகவே தடுப்பூசி போட்டு, நோய் அடங்கிய பிறகுதான் கூப்பன். அதற்கு முன் கூட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பது நம் வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடுவது.

நம் ஊரில் இதைச் செய்ய முடியாதா என்றால், பொங்கலுக்கு வீடு வீடாக டோக்கன் கொடுத்து, தெருவாரியாக நாள் குறித்து, ரேஷன் கடையில் பணம் கொடுத்துப் பழகியவர்கள் நம் அரசு ஊழியர்கள். அட்டைக்கு 500 ரூபாய்க் கூப்பன், மூன்று மாதத்துக்குள் உரிமம் பெற்ற சிறு கடையில் செலவழிக்க வேண்டும், பெரிய ஷோரூமில் செல்லாது. இது பெரிய விஷயம் இல்லை. ஒன்றே ஒன்றில் சங்கம் கறாராக இருக்க வேண்டும்: கூப்பன் பணம் கடைக்காரர் கணக்குக்கு மறுநாளே வர வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்தால், அது கடைக்காரர் அரசுக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன். கூப்பனைக் காட்டி விலையை ஏற்றும் கடைக்காரரையும் சங்கமே தடுக்க வேண்டும். அப்படி நான்கு பேர் செய்தால் போதும், திட்டமே கெட்டுவிடும்.

தெருவை மூடுவது, மாற்றுவது, அகலமாக்குவது

2020 மே 5, வணிகர் தினத்தன்று, கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போயிருந்தது, மூடாமல் வேறு வழியில்லை. காய்கறி திருமழிசைக்கு, பழம் மாதவரத்துக்கு, பூ வானகரத்துக்கு என்று பிரித்தார்கள். நகரத்துக்குக் காய்கறி தடையில்லாமல் வந்தது, அது பெரிய காரியம். ஆனால் திருமழிசையில் இடம் கிடைத்தது சுமார் 200 மொத்த வியாபாரிகளுக்கு. கோயம்பேட்டில் இருந்ததோ ஆயிரக்கணக்கான கடைகள். சிறு கடைக்காரர், மூட்டை தூக்குபவர், அவர்களுக்கு டீ விற்றவர் எல்லாருக்கும் சந்தை மூடிக் கிடந்த மாதங்களில் பிழைப்பு இல்லை. கொத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோதும் இதேதான். பெரிய மண்டிகள் போய்ச் சேர்ந்தன; அவற்றை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

மாற்றுவதாவது பரவாயில்லை. 2021-ல் ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 வரை ரங்கநாதன் தெரு, புரசைவாக்கம் உட்பட சென்னையில் 9 இடங்களில் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சி உத்தரவு போட்டது. நடு ஆடி மாதம், ஆடிப்பெருக்கு அதற்குள் வருகிறது. தள்ளுபடிக்கென்று சரக்கு போட்டு வைத்திருந்தார்கள். கூட்டம் நெரிந்தது உண்மை, மாநகராட்சியின் பயமும் உண்மை. நான் கேட்பது ஒன்றுதான்: பத்து நாள் மூடச் சொல்லும் உத்தரவோடு பத்து நாள் வாடகைக்கு ஒரு வழியும் சேர்ந்து வரக் கூடாதா? பொதுநலனுக்காக மூடுகிறோம், அதன் செலவு மட்டும் ஏன் ஒரு தெருவின் தலையில்?

தெருவை அகலமாக்கும் யோசனை நல்லதுதான். பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. இடைவெளி விட்டு நடக்க அங்கே இடம் இருந்தது. நியூயார்க்கில் 2020 ஜூனில் உணவகங்கள் சாலையோரத்தில் மேசை போட அனுமதித்தார்கள், பல ஆயிரம் உணவகங்கள் அதில் தப்பித்தன. எங்கள் சந்தின் அகலம் பன்னிரண்டு அடி. எங்களுக்கு இது பொருந்தாது.

ஆன்லைன் பற்றியும் சங்கத்தில் இளைஞர்கள் சொல்கிறார்கள். மளிகைக்கும் மருந்துக்கும் வாட்ஸ்அப் ஆர்டர் நன்றாகவே ஓடியது. க்யூஆர் அட்டை வந்தபின் சில்லறைத் தகராறு போனது, வரவு கணக்கும் தானாகப் பதிவாகிறது. எங்கள் தொழிலில் அதற்கு மேல் நகரவில்லை. நாங்களும் ஃபோட்டோ அனுப்பினோம். ஃபோனில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்தது, கையில் எடுத்தால் கடுகு மஞ்சள். மேட்சிங் எடுக்கும் பெண் புடவை முந்தானையையும் பிட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் "இதையே வெட்டுங்கண்ணா" என்பார். அந்த வாசல் இருந்தால்தான் வியாபாரம்.

ஆகவே எங்கள் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் வரிசை இது. மூடச் சொல்லும் அன்றே வாடகையில் அரசின் பங்கு. படிக்கட்டு, தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு வாடகை இல்லாததால் அதே நாளில் நேரடிப் பணம். நோய் அடங்கியதும் கூப்பன். கூப்பனோடு சேர்ந்து, சரக்கு போடக் கடன், வங்கியில் பழைய பாக்கி இல்லாதவருக்கும். பெரிய சாலைக் கடைவீதிகள், உணவகங்கள் நிறைந்த தெருக்கள் வேறு வரிசை போடலாம். வாடகையே கட்டாத சொந்தக் கட்டடக்காரர்கள் நிறைந்த தெருவாக இருந்தால் கூப்பனை முதலில் வைக்கலாம். எங்கள் சந்தில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள்.

போன வருடம் சித்தப்பாவின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இந்த முறை முத்திரைத்தாளில் எழுதி, ஒரு வரி சேர்த்தோம்: அரசு உத்தரவால் கடை மூடியிருக்கும் நாட்களுக்குப் பாதி வாடகை. ஓனரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, "நியாயம்தான் தம்பி, போடறேன். அந்த மிச்சப் பாதிய எனக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டார்.

மனுவின் முதல் கோரிக்கையை அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எழுதியிருக்கிறோம்.